பெரியப்பா திருப்பிக் கொடுத்த பூனை

1

இந்தக் கதையில் ஒரே ஒரு வாக்கியம்தான் நிஜம். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், பக்கத்து மேசைப் பெண் போனில், "பெரியப்பா, திருப்பிக் குடுக்காதீங்க..." என்றாள். மற்றது என் காதில் விழவில்லை. எதைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது? அந்தக் கேள்வி என்னைப் பிடுங்கித் தின்றது. அவளுக்கு லோகேஸ்வரி என்று பேர் வைத்து, மீதியை நானே கட்டிவிட்டேன்.

2

'லோகேஸ்வரி கணினி முன் சிலையாக...'

வேண்டாம். சிலையாவது மண்ணாவது. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அவளும் கூட்டாளி சிவநேசனும் செந்தூல் பிளாட்டில் உட்கார்ந்து ஒரு வீடியோ கேம் செய்தார்கள். செந்தூலில் ரயிலேறும் பூனை கிள்ளானில் இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். (அதை விற்கும் இணையக் கடையின் விதி: இரண்டு மணி நேரம் தாண்டாமல் விளையாடியவர் கேட்டால் காசைத் திருப்பித் தந்துவிடுவார்கள். சிக்கலே இதுதான்.)

நூறு பேர் வாங்கினால் பத்துப் பேர் திருப்புவது சகஜம், தாங்கிக்கொள்ளலாம். இவள் கேமுக்கு அது முப்பதைத் தாண்டிவிட்டது. அந்த விகிதத்தைப் பார்த்துத்தான் அடுத்த கேமுக்கு முதல் போடுவதா இல்லையா என்று இவர்களுக்குப் பணம் போட்ட கம்பெனி வெள்ளிக்கிழமை முடிவு செய்யும். இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவன் சிவநேசன்.

"பூனைய மெதுவா நடக்க விடு லா. ரெண்டு மணி நேரம் தாண்டிட்டா யாரும் திருப்ப முடியாது."

"போர் அடிக்கும், சிவா."

"அடிக்கட்டும். எனக்குப் பயமா இருக்கு."

[இவனை வில்லனாக்கத்தான் நினைத்தேன். பயமா இருக்கு என்று சொல்லிவிட்டான். இனி எப்படி ஆக்குவது?]

3

மறுநாள் மதியம், பிரிக்பீல்ட்ஸ் கடை. திருப்பியவர்கள் எழுதிய காரணங்களை லோகேஸ்வரி போனில் படித்தாள். 'அருமை.' 'பூனை கிள்ளான் சேர்ந்ததில் சந்தோஷம்.' 'முடித்துவிட்டோம், நன்றி.' பிடிக்கவில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இதென்ன கூத்து?

அப்போதுதான் கிள்ளானிலிருந்து பெரியப்பா ரெங்கசாமி அழைத்தார். ஒரு காலத்தில் வீடியோ கேசட் வாடகைக் கடை நடத்தியவர்.

"லோகா, கேம முடிச்சுட்டேன்மா. உடனே திருப்பிக் குடுத்துட்டேன். டெபாசிட்டும் கரெக்டா வந்துருச்சு."

"டெபாசிட்டா?"

"கேம நாங்களே வச்சிருந்தா நீ அடுத்த ஆளுக்கு எப்படி வாடகைக்கு விடுவ? சொந்தக்காரங்க எல்லாருக்கும் நான்தான் திருப்பச் சொல்லிக் குடுத்தேன். ஒருத்தர்கூட லேட் பண்ணல." குரலில் அத்தனை பெருமை. "நாளைக்குக் கோயில் சங்கத்துல எல்லாரும் வாங்குறாங்க. திருப்ப வைக்கிறது என் பொறுப்பு."

4

முடிவு ஒன்று: அவள் உண்மையைச் சொல்கிறாள். பெரியப்பா வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கிறார். அதன்பின் அவளுக்குப் போன் செய்வதே இல்லை. (அடித்துவிட்டேன். எனக்கு மனசு கேட்கவில்லை.)

முடிவு இரண்டு: சொல்லாமல் விடுகிறாள். வெள்ளிக்கிழமை கம்பெனி கை விரிக்க, சிவநேசன் தன் நாற்காலியை...

முடிவு மூன்று: பூனை மெதுவாக நடக்கிறது. பெரியப்பா பாதியில் தூங்கிப்போகிறார். (எழுதும்போது சிரித்தேன். ஆனால் அது அவள் செய்த பூனை இல்லை.)

ஆக, என்னிடம் மிஞ்சுவது காதில் விழுந்த அந்த வாக்கியம் மட்டும்தான். "பெரியப்பா, திருப்பிக் குடுக்காதீங்க..."

"ஏம்மா?" என்கிறார் அவர்.

அந்தப் பக்கத்து மேசைப் பெண்ணின் இலையில் ரசம் ஆறிக்கொண்டிருந்தது. நான் பில் கட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. போனை உங்கள் கையில் தருகிறேன், பார்த்துப் பேசுங்கள். பெரியப்பா நல்ல மனிதர்.

"சொல்லும்மா. லைன்லதான் இருக்கேன்."