சாம்பியனின் கன்னம்

1991 அக்டோபர் 12, சனிக்கிழமை மாலை, நகராட்சி உள்விளையாட்டு அரங்கில் நடந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் போட்டியில், ஆறு ஆண்டுகளாகப் பட்டத்தை வைத்திருந்த வீரர் ஒன்பதாவது சுற்றில் தோற்றார்.

சுவரொட்டிகளில் அவருக்கு ‘மதில்’ என்று பெயர். தோற்ற கையோடு பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, கடைசிக் குத்து எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டார்கள். “தெரிஞ்சிருந்தா நான் ஏன்யா அங்க நிக்கப்போறேன்?” என்றார் வீங்கிய உதட்டோடு. பேப்பரில் அதைப் படித்துவிட்டுச் சிரித்த சினிமா இயக்குநர் ஒருவர் அந்த மாதமே வீடு தேடி வந்தார்.

மதிலின் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் உதவியாளர். இடது கண்ணில் இன்னொரு பலமான குத்து விழுந்தால் பார்வை போய்விடும் என்று அரங்கின் மருத்துவர் சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் இருந்தாள். போட்டி அமைப்பாளரோ விடுவதாக இல்லை. ஜனவரியில் மறுபோட்டி, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று போன் மேல் போன்.

“சினிமா ஒட்டிக்கிச்சுன்னா ரிங்குப் பக்கமே போகமாட்டேன். ஒட்டலைன்னா எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான்” என்று மதில் சொல்லிவிட்டார். அதிலிருந்து, சினிமாவே பார்க்காத அவள் சாமி கும்பிடும்போதெல்லாம் சினிமாவுக்காகக் கும்பிட்டாள்.

இயக்குநர் கொடுத்தது மளிகைக் கடையை மிரட்ட வரும் அடியாள் வேஷம். கடைக்காரராக நடித்தவர் ‘குச்சி’. பெயருக்கேற்ற உடம்பு, பெரிய நகைச்சுவை நடிகர். அந்த ஒல்லி மனிதர் இந்த மலையை ஓங்கி அறைய வேண்டும். மலை குழந்தை மாதிரி அழ வேண்டும். அழுகையில் மதிலைக் குறை சொல்ல ஆளில்லை. முதலில் கீழுதடு பிதுங்கும், பிறகு முகவாய் நடுங்கும், அப்புறம் அந்தப் பெரிய தோள் இரண்டும் ஒவ்வொன்றாகக் குலுங்கும். ஒத்திகையில் லைட்டைப் பிடித்திருந்தவர்கள் அதை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

சிக்கல் அறை வாங்குவதில்தான். கை கன்னத்தை உரசினாற்போல் போகும், சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். கை தாண்டும் நேரத்தில் முகத்தைத் திருப்பினால் போதும். ஆனால் குச்சியின் தோள் அசைந்ததுமே மதிலின் தலை பின்னால் போய்விட்டது. யோசித்துச் செய்வதல்ல, அவர் உடம்பு கற்ற வித்தை. அந்த வித்தையால்தான் அத்தனை வருஷம் பட்டம் அவரிடம் இருந்தது. செவ்வாய்க்கிழமை முழுக்க ஃபிலிம் வீணானதுதான் மிச்சம். நாளை மதியத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக இயக்குநர் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் சமையலறையில் மதில் மனைவியின் முன்னால் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“அடி.”

“கல்யாணமான நாள்ல இருந்து பரபரத்துக்கிட்டிருக்கிற கை இது. அப்புறம் வருத்தப்படக் கூடாது.”

அடித்தாள். கை காற்றைத் துழாவிவிட்டு அலமாரியில் இருந்த டப்பாவைத் தள்ளியது.

“ஏங்க, கூப்பிட்டு வச்சு அடின்னு சொல்லிட்டு விலகினா எப்படிங்க?”

“நான் எங்க விலகினேன்? தலை விலகுது.”

“தலை என்ன பக்கத்து வீட்டுதா?”

கண்ணை மூடச் சொன்னாள். அவள் வளையல் சத்தத்துக்கே தலை போய்விட்டது. ஊசியைக் கண்டதும் முகத்தை இழுத்துக்கொள்பவர்களை அவள் தினமும் பார்க்கிறாள். அவர்களாவது பயத்தில் செய்கிறார்கள். இந்த மனிதருக்குப் பயமே கிடையாது, அதுதான் அவளுடைய பயம்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு அவளும் படப்பிடிப்புக்குப் போனாள். பழைய கிடங்கு ஒன்றில் மளிகைக் கடை போட்டிருந்தார்கள். மூட்டைகளில் மரத்தூள். மதில் எல்லோருக்கும் முன்பே வந்து, தன்னால் நேற்று வேலை இழுத்துப்போனதற்கு லைட்காரர்கள் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கேமரா ஓடியது. குச்சி அறைந்தார், தலை விலகியது. மறுபடியும் அதே கதை. அடுத்த தடவை குச்சி நிலைதடுமாறிக் கல்லாப்பெட்டியில் போய் முட்டினார்.

“ஏம்பா, என்னை வச்சு வேடிக்கை காட்டறியா?” என்றார், முழங்கையைத் தேய்த்தபடி. “சாம்பியன்னா சாம்பியனா இரு. எதுக்கு எங்க பொழப்புல வந்து விழறே?”

இயக்குநர் உதவியாளரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். மூட்டையில் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்துவிட்டாள். கேமராவை நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மதில் தன் இரண்டு கைகளையும் தூக்கி, இரண்டு காதுகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திருட்டுக் கோழியைப் பிடிப்பது போல அப்படியொரு பிடி. குனிந்து முகத்தைக் குச்சிக்கு நேராகக் கொண்டுவந்தார்.

“இப்ப அடிங்கண்ணே. தப்பிச்சுப் போகாம புடிச்சுக்கிட்டேன்.”

குச்சி அவரைப் பார்த்தார். கோபத்தில் இருந்த முகம் மெல்ல மாறி, கடைக்காரர் முகமாகியது. தொழில் தெரிந்தவர். சட்டைக் கையை மடித்தார், உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்தார், மதிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், காது பிடி சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். பிறகு பின்னால் போய், ஓடி வந்து வீசினார்.

தலை அசையவில்லை. முழங்கால் இரண்டும் மடிந்தன. பிடித்த காதும் பிடித்த கையுமாக மொத்த மதிலும் கீழே போயிற்று. குச்சியின் கை மேலே பறக்க, அதன் பின்னாலேயே குச்சியும் பறந்து மதிலின் முதுகில் மூட்டை மாதிரி தொங்கினார். தோளில் கிடந்த அவரைத் திரும்பிப் பார்த்த மதிலுக்குக் கீழுதடு பிதுங்கியது, முகவாய் நடுங்கியது. காதை விடாமலே ஓவென்று அழத் தொடங்கினார்.

கேமராக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். கிடங்கே வெடித்துச் சிரித்தது. மனைவியும் சிரித்துக்கொண்டிருந்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அது சிரித்து வந்த கண்ணீர் மட்டுமில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

முதுகில் கிடந்தபடியே குச்சி கேட்டார்: “இதையே இன்னொரு தடவை பண்ண முடியுமாய்யா?”

“எல்லாத் தடவையும் இதைத்தானே பண்றேன்ணே!”

குச்சி இறங்கி, வேட்டியைத் தட்டிக்கொண்டு இயக்குநர் பக்கம் திரும்பினார். “இந்தாளை மாத்தறதா இருந்தா என்னையும் சேர்த்து மாத்திடு” என்றார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் அந்தக் காட்சியை இன்னும் இரண்டு கோணங்களில் எடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மதில் போட்டி அமைப்பாளருக்குப் போன் செய்து, வரவில்லை என்றார். ஜனவரி போட்டியில் வேறொருவர் இறங்கினார். படம் மே மாதம் வெளியானது.