தையல்காரர் இன்னும் ஓடுகிறார்

கூடத்துப் பெரிய திரையில் தையல்காரரின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. தையல்காரர் போய்ச் சேர்ந்து வருஷம் ஒன்றாகப் போகிறது.

அவருடைய ஸ்கேனை வைத்து அந்தக் கணினி இதயத்தைக் கட்டியவளை ஆஸ்பத்திரியில் இதயக்காரி என்பார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து துடிக்காத இதயத்துக்குப் பேஸ்மேக்கர் கம்பியை எங்கே வைத்தால் தாளம் கூடும் என்று முதலில் திரையில் வைத்துப் பார்ப்பது அவள் வேலை. தையல்காரருக்குத் திரையில் கச்சிதமாகக் கூடியது. நெஞ்சிலும் அதே இடத்தில்தான் வைத்தார்கள். சில மாதங்களில் ஆள் போய்விட்டார்.

"மாடல்படி அவர் நல்லாத்தான் இருக்கார். தப்பு நோயாளி பக்கம்" என்று துறைத் தலைவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதிலிருந்து எந்த விருந்தினர் வந்தாலும் இதே இதயம்தான். இவ்வளவு அழகாகத் துடிப்பது உயிரோடிருப்பவர்களிடம் கிடைக்கவில்லை.

பத்திரிகையில் தலைவரின் படம் வந்தது. அவர் தலைக்குப் பின்னால் திரையில் 'தையல்காரர்' என்ற எழுத்தும் வந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தையல்காரரின் மனைவி வந்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் இங்க இருக்காராமே?"

"ஆமாம்மா, நல்லா ஓடிட்டிருக்–" இதயக்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாடல்களைப் பற்றி அங்கே எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள்.

"நிறுத்திடும்மா. இருந்தப்பவும் ஒரு நாள் லீவு எடுக்கல. செத்துமா வேலை?"

தலைவர் குறுக்கே வந்தார். "இது உங்க வீட்டுக்காரர் இல்லம்மா. வெறும் கணக்கு."

"அப்போ அவர் பேரு எதுக்குங்க?"

படிக்கட்டில் விருந்தினர்களின் பேச்சு கேட்டது. "அவங்க போனதும் பாக்கலாம்" என்று தலைவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

மனைவி திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இது அவர் இல்லதான். இவ்ளோ ஒழுங்கா அவருக்கு அடிக்காது. அந்த நெஞ்சுல காது வச்சுப் படுத்தவ நான். ஒரு பக்கம் அடிச்சிடும். இன்னொரு பக்கம் யோசிச்சுக்கிட்டு வரும்."

இதயக்காரி மாடலில் இருந்த பேஸ்மேக்கர் கம்பியை அணைத்தாள். திரையில் வலப்பக்கம் சுருங்கியது. இடப்பக்கம் சற்றுப் பின்தங்கி, இழுத்துக்கொண்டு வந்தது.

"வந்துட்டாரு" என்றாள் மனைவி, பக்கத்தில் இருப்பவர் காதில் விழக்கூடாது என்பதுபோல.

விருந்தினர்கள் கூடத்துக்குள் நுழைந்து இரு பக்கமும் உட்காரும் வரை திரையைப் பார்த்தாள். பிறகு, "போதும்மா" என்றாள்.

இதயக்காரி நிறுத்தினாள். இதயம் பாதியில் நின்றது. திரையில் ஒரு கட்டம் முளைத்தது.

"என்னவாம்?"

"சேமிச்சு வைக்கவான்னு கேக்குது."

"வேண்டாம்னு சொல்லு."

திரை கறுத்தது. தலைவரின் முகமும் கறுத்தது. ஆனாலும் தலைவர் தலைவர்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீங்கள் பார்த்தது, எங்களுடைய புதிய ஓய்வுநிலை மாடல்" என்றார்.

வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். இடப்பக்கம் சற்று யோசித்துவிட்டுத் தட்டியது. மறுபடி வலப்பக்கம். பின்தங்கி, இடப்பக்கம்.

வாசல்வரை போயிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். இதயக்காரி விசைப்பலகையைப் பார்த்தாள். நிறுத்த அங்கே ஒன்றும் மிச்சமில்லை.