முற்றத்துக்கு அடியில் கூடிய எடை

இத்தாலியில் எங்கள் பொட்சுவோலி, ஓர் எரிமலையின் வாய்க்குள்ளேயே இருக்கிற ஊர். தரை உயர்வதும் தாழ்வதும் எங்களுக்குப் பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி. காது கொடுப்போம், பிறகு சாப்பிடப் போய்விடுவோம். அதனால் எரிமலை ஆய்வுக்கூடத்து எர்சிலியா ஈர்ப்புமானிப் பெட்டியோடு மீன்கடை புரோகோலோவின் முற்றத்துக்கு வந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வழக்கமாக அளக்கிற இடம்தான். தரைக்கடியில் பாரம் கூடினால் அந்தப் பெட்டி காட்டிக்கொடுத்துவிடும்.

அன்று பெட்டியை எடுத்து எடுத்து வைத்தாள். முகம் வெளுத்தது.

"தரை கொஞ்சம்கூட உயரல. ஆனா அடியில எடை கூடியிருக்கு. ஏதோ புதுசா வந்திருக்கு."

புரோகோலோவுக்கு வியர்த்தது. "என்னவா இருக்கும், டாக்டரம்மா?"

"மாக்மாவா, எரிமலைக் குழம்பா இருந்தா ஊரையே காலி பண்ணணும்."

"அது நெளியுதான்னும் இந்தப் பெட்டி காட்டுமா?"

"நெளியுதா? எது?"

மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்த அவர் மனைவி அசுந்தா கத்தியைக் கீழே வைத்தாள். "யோவ், உன் முழியே சரியில்ல. அடியில என்னத்த வச்சிருக்க?"

"மாக்மான்னு அவங்களே சொல்றாங்களே!"

எர்சிலியா மேலதிகாரிக்கு போன் போட்டதும் புரோகோலோ தாங்கமாட்டாமல் அலறினார்: "விலாங்கு!"

முந்தின கிறிஸ்துமஸுக்கு விற்க, குளியல் தொட்டியில் விலாங்கு விட்டிருந்தார். அசுந்தா பார்க்காமல் அதற்குள் காலை வைத்துவிட்டாள். அன்றோடு வீட்டில் விலாங்குக்குத் தடை. ஆகவே இந்த முறை முற்றத்துக்கடியில் கிடந்த ரோமானியர் காலத்துத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ரகசியமாக வளர்த்திருக்கிறார்.

அசுந்தா தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். "தண்ணி வரலன்னு குழாய்க்காரன நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டேனே, பாவி! எல்லாம் இங்கதான் நிக்குதா?"

எர்சிலியா போனில் சொன்னாள்: "மாக்மா இல்ல சார். விலாங்கு."

மேலதிகாரி கேட்டார்: "விலாங்குக்கு அவ்வளவு எடையா?"

"தண்ணிக்கு சார். தொட்டி நிறைய."

சாயங்காலமே பம்பு வைத்து இறைத்தார்கள். வாளியிலிருந்து நழுவிய விலாங்குகள் தெருப் படிக்கட்டில் வழுக்கிக்கொண்டு ஓட, நாங்கள் மேசைத்துணியோடு துரத்தினோம். பாதிரியார் அங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு ஒன்றைப் பிடித்தார், திருப்பித் தரவில்லை.

மறுநாள் எர்சிலியா மறுபடி அளந்தாள். எண் பழைய இடத்துக்கு வந்திருந்தது.

"இப்ப அடியில புதுசா ஒண்ணும் இல்ல," என்றாள் நிம்மதியாக.

"மேலதான் ஒண்ணு இருக்கு," என்று அசுந்தா புருஷனைப் பார்த்தாள். "அத எப்ப வந்து தூக்கிட்டுப் போவீங்க?"