ஜீப்புக்கு விட்ட இரண்டு அங்குலம்

தையல்காரருக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, எந்தத் துணியையும் கந்தலாகும் வரை தூக்கிப் போடக் கூடாது. மற்றொன்று, தன் நாற்பது வயது ஜீப்புக்குப் புதிதாக வேறு இன்ஜின்தான் போட வேண்டும். இந்த இரண்டும் ஒரே மண்டைக்குள் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று அவர் மச்சானுக்கு விளங்கவே இல்லை. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். மெக்கானிக்.

"என் பேன்ட்டைப் பிரிச்சுத் திருப்பித் தைச்சு எத்தனை தடவை குடுத்திருப்பீங்க? ஒரு தடவையாவது புதுசு எடுக்க விட்டீங்களா?" என்றார் மச்சான். "இதுவும் அப்படித்தான் மாப்பிள்ளை. இன்ஜினைப் பிரிச்சு, சிலிண்டரைக் கடைஞ்சு, பிஸ்டன் மாத்திட்டா இன்னும் இருபது வருஷம் ஓடும்."

"மேட்டுல ஏறும்போது சைக்கிள்காரன் என்னைத் தாண்டிப் போயி, திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான் மச்சான். மானம் போகுது."

மச்சான் பதில் சொல்லும் முன் இடுப்பில் நழுவிய பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். அது தையல்காரர் தைத்தது. ஏன் தொளதொளவென்று இருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம் "நீங்க இளைச்சுட்டே போறீங்க மச்சான்" என்பார். அவரும் பயந்துபோய்ப் பத்து வருடமாக டானிக் குடித்து வந்தார்.

இந்தப் பேச்சு எட்டு மாதம் நடந்தது. அதுவரை ஜீப் முற்றத்தில் நின்றது. அதன் பம்பரில் தினமும் முட்டி இடித்துக்கொண்டவர் தையல்காரரின் மனைவி. ஒரு திங்கட்கிழமை, இடது முட்டியில் மூன்றாவது காயத்துக்கு மருந்து தடவியபடியே தீர்ப்புச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்குள்ள இது தானா ஓடி ஷெட்டுக்குள்ள போகணும். கதவு சாத்தணும். இல்லைன்னா பழைய இரும்புக்காரருக்கு. அவர்கிட்ட சொல்லிட்டேன்."

தையல்காரரின் முதல் தையல் மெஷினை வீட்டுக்கு ஏற்றி வந்தது அந்த ஜீப். அதை இரும்பாக எடை போட அவர் விடுவதாக இல்லை.

பிரித்துக் கடைந்து மாட்டுவதற்கு இனி நாள் இல்லை. மச்சான் வேறு வழியின்றி இறங்கி வந்தார். பழைய இன்ஜினை வெளியே எடுத்து, ஆசைக்கு அதைத் திருகு திருகாகப் பிரித்து மேசையில் பரப்பிவிட்டு, பழைய வண்டி உடைக்கிற இடத்துக்குப் போனார். அங்கிருந்து போன் வந்தது.

"ரெண்டு மூணு இன்ஜின் இருக்கு மாப்பிள்ளை. சீட்டுக்கு முன்னால இருக்குற உள்தகட்டுலேர்ந்து ரேடியேட்டர் வரைக்கும் எவ்வளவு இடம் இருக்கு? அளந்து சொல்லுங்க."

தையல்காரர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார், குனிந்தார், அளந்தார். "முப்பது" என்றார்.

வெள்ளிக்கிழமை இன்ஜின் வந்தது. ஏதோ ஒரு வேனிலிருந்து கழற்றியது, வயது ஆறுதான். கியர்பாக்ஸோடு சேர்க்கிற தகடு முதல் எல்லாவற்றையும் செய்து முடித்து, ஞாயிறு காலையில் சங்கிலியில் கட்டி மெதுவாக இறக்கினார்கள். விசிறி நேரே போய் ரேடியேட்டரில் முட்டியது. தூக்கி இறக்கினார்கள். மறுபடி முட்டியது.

மச்சான் இரும்பு டேப்பை வைத்து அளந்தார். இருபத்தெட்டு.

"நீங்க முப்பதுன்னு சொன்னீங்களே?"

"இருபத்தெட்டுதான். ரெண்டு இஞ்ச் தாராளம் விட்டேன்."

"தாராளமா?"

"உடம்பை ஒட்டித் தைச்சா உக்கார எந்திரிக்க வேணாமா? யாருக்கு அளவெடுத்தாலும் ரெண்டு இஞ்ச் விட்டுத்தான் சொல்லுவேன். கை அப்படிப் பழகிடுச்சு மச்சான்."

"இன்ஜின் எங்கே போயி உக்காந்து எந்திரிக்கும்?" என்று ஆரம்பித்த மச்சான் பாதியில் நிறுத்தினார். மெதுவாகத் தன் இடுப்பைப் பார்த்தார். "அப்போ... நான் இளைக்கவே இல்லையா? பத்து வருஷ டானிக் மாப்பிள்ளை! வேப்பெண்ணெய் மாதிரி கசக்கும்!"

சங்கிலியை விட்டுவிட்டு அவர் தையல்காரரைத் துரத்த, ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருந்ததால் பிடிக்க முடியவில்லை. ஜீப்பை நாலு சுற்றுச் சுற்றி இரண்டு பேரும் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். மணி பதினொன்று.

"மச்சான், இறுக்கிப் பிடிக்கிற சட்டையை என்ன செய்வோம்? பிரிச்சு விடுவோம். முன்பக்கத்தைப் பிரிச்சு விட்டுட்டா?"

திட்ட வாயெடுத்த மச்சான், குனிந்து பம்பர் போல்ட்டுகளைப் பார்த்தார். அது நடக்கிற காரியம். ரேடியேட்டர், கிரில், பம்பர் மூன்றையும் கழற்றி, இரும்புத் துண்டுகளை இடையில் வைத்து இரண்டு அங்குலம் முன்னால் தள்ளினார்கள். நடுவில் வாய் பிளந்த இடத்துக்குத் தையல்காரர் கித்தான் துணியில் கொசுவம் வைத்துத் தைத்து, பட்டன் போட்டார். ஜீப் உதடு சுழித்த மாதிரி இருந்தது.

நாலே முக்காலுக்கு இரும்புக்காரர் லாரியோடு வந்து இறங்கினார். மச்சான் சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமிக் கிளம்பியது. தையல்காரர் ஏறி உட்கார்ந்து, பின்பக்கமாகவே ஓட்டி ஷெட்டுக்குள் நுழைத்தார். இறங்கி ஓடி வந்து கதவைத் தள்ளினார்.

கதவு, முன்னால் தள்ளியிருந்த பம்பரில் இடித்து நின்றது. ஷெட்டைக் கட்டியபோது அளவெடுத்தவர் கொத்தனார். அவர் தாராளம் எதுவும் விடவில்லை.

"மணி அஞ்சும்மா" என்றார் இரும்புக்காரர்.

தையல்காரர் கதவில் தோளைக் கொடுத்து நின்றார். மூச்சைப் பிடித்துத் தள்ளினார். கண் கலங்கிவிட்டது. மச்சான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

மனைவி வந்தார். புருஷன் கழுத்திலிருந்த டேப்பை உருவி, கதவு இடைவெளியில் வைத்து நிதானமாக அளந்தார். பிறகு டேப்பைச் சுற்றியபடியே இரும்புக்காரரிடம் திரும்பினார்.

"கதவு சாத்தியாச்சு, நீங்க கிளம்புங்க."

"எங்கம்மா? கையே நுழையுதே!"

"சாத்தியாச்சுங்க. எங்க வீட்ல எதுக்கும் ரெண்டு இஞ்ச் விட்டுத்தான் அளவு."