வரைபடம் காட்டாத கருவியும் நோரீனின் இடது கன்னமும்

1

ஓர் உண்மையைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. எங்கள் தங்கம் தேடுவோர் சங்கத்தின் மாதச் சுற்றறிக்கைக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். 'ஜிபிஎஸ் கைக்கருவியில் மெமரி கார்டு படிக்கவில்லையா? வரைபடம் வரவில்லையா? இப்படிச் செய்யுங்கள்.' இதுதான் தலைப்பு. "கருவியை அணைத்து, பின்மூடியைத் திறந்து, பேட்டரிகளைக் கழற்றவும்" என்பதுவரை ஒழுங்காகத்தான் எழுதினேன். அடுத்த வரிக்குப் போவதற்குள், நோரீன் அந்த மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தது கண்முன்னே வந்துவிட்டது. அதற்குமேல் எவளால் செய்முறை எழுத முடியும்?

நோரீனிடமே அனுமதி கேட்டேன்.

"தாராளமா எழுது. ஆனா உன் பாஷையில எழுது. டெஸ் படிச்சிடக் கூடாது" என்றாள்.

டெஸ் அவளுடைய முன்னாள் கணவர். அவருக்குத் தெரிந்தவர்களில் தமிழ் அறிந்தவள் நான் ஒருத்திதான். மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்க வயல் ஊரான கால்கூர்லியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அவருடைய இரத்த அழுத்த மாத்திரைகளை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். ஆகவே வாசகரே, இது நமக்குள் இருக்கட்டும்.

விவாகரத்தில் நாயும் கேரவனும் நோரீனுக்கு வந்தன. இருவரும் சேர்ந்து தேடிய தங்க நிலத்தின் உரிமம் டெஸ்ஸுக்குப் போனது. அன்றைக்கு நீதிமன்ற வாசலிலேயே நோரீன் சத்தமாகச் சொன்னாள்: "இனிமே என் கையால அந்த ஆளுக்கு ஒரு குண்டுமணித் தங்கம் போகாது."

இந்த ஒரு வரியை மட்டும் மறந்துவிடாதீர்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"எல்லையே இல்லாத செம்மண் வெளியில் இரண்டு பெண்கள்

[அடித்துவிட்டேன். எல்லை இருந்தது. பிரச்சினையே அதுதான்.]

இரண்டாம் முயற்சி:

"நோரீன் நேர்மையான பெண். அவள் ஒருபோதும்

[இதை அவளுக்கு மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன். சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. எதற்குச் சிரித்தாள் என்று இன்னும் சொல்லவில்லை.]

மூன்றாம் முயற்சி:

மெட்டல் டிடெக்டர் கத்தியது.

இது போதும். தங்கம் தேடிப் போனவர்களுக்கு அந்தச் சத்தத்தைப் பற்றி வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. நோரீன் மண்வெட்டியால் தோண்டி, முழங்காலிட்டாள். துருப்பிடித்த ஆணியாகவோ பழைய தகரமாகவோதான் இருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அப்படிச் சொல்வது எங்கள் வழக்கம். ஆசைப்பட்டதை வாயால் சொன்னால் ஓடிவிடும். முழங்கை ஆழத்தில் அது கிடைத்தது. நோரீன் அதை எடுத்து நக்கினாள். மண் போய் மஞ்சள் வந்தது. என் கட்டைவிரல் அளவு!

கத்தினோம். கட்டிக்கொண்டோம். ஆடினோம். வாயில் ஈ புகுந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

திடீரென்று நோரீன் நின்றாள்.

"ஏன்டி, இது யார் நிலம்?"

3

[கட்டுரைத்தனமாக ஒரு பத்தி. மன்னிக்கவும், தவிர்க்க முடியாது.]

பொது நிலத்தில் கிடைத்தால் தங்கம் எடுத்தவருக்கு. அடுத்தவர் உரிம நிலத்துக்குள் அவரைக் கேட்காமல் எடுத்தால், அது அவருக்கு. டெஸ்ஸின் நிலம் அந்தப் பக்கம்தான் எங்கேயோ தொடங்குகிறது. எல்லையில் அடித்த மூலைக் கட்டைகளைக் கறையான் தின்று நாளாயிற்று. நாங்களோ வண்டியை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டே நடந்து வந்தவர்கள். எல்லை எங்கே என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று, நோரீனின் ஜிபிஎஸ் கருவியில் இருந்த உரிம வரைபடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் சங்கத்தின் தலைவி நோரீன். எல்லை தாண்டி எடுத்ததை மறைத்த ஓர் ஆளைப் போன வருடம் பொதுக்கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்து வெளியே அனுப்பியவளும் அவள்தான். அந்த ஆளோடு இப்போது யாரும் ஒரே அடுப்பில் தேநீர் போடுவதில்லை.

நோரீன் கருவியை இயக்கினாள். திரை முழுக்க வெள்ளை. நடுவில் ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான்.

"செத்துப்போச்சா?"

"கருவி உயிரோடதான் இருக்கு. கார்டுதான் படிக்கல."

"அப்ப கார்டைக் கொல்றேன் இரு" என்று சொல்லி, அந்த மூடியைப் பல்லால் திறந்தாள்.

4

கார்டு செம்மண்ணால் மூடிக் கிடந்தது. கூடவே தேயிலைத் தூள்.

"தேயிலை எப்படி வந்தது நோரீன்?"

"கார்டை டீ டப்பாவுலதான் ஒளிச்சு வைப்பேன். எவனாவது கருவியைத் திருடினா என் இடமெல்லாம் தெரிஞ்சிடாதா?"

(எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான். தங்கம் கிடைத்த இடத்தைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்ல மாட்டார்கள். என் தோழி ஒருத்தி தன் இடத்துக்குக் கருவியில் 'பல் டாக்டர்' என்று பெயர் போட்டு வைத்திருக்கிறாள்.)

சட்டை நுனியால் கார்டின் தொடுபுள்ளிகளைத் துடைத்தேன். ஊதினேன். சொருகிப் பேட்டரி போட்டேன். வெள்ளை.

நோரீனின் யூட் வண்டிக்கு (பின்புறம் திறந்த சின்ன லாரி) நடந்துபோய், அதிலிருந்த மடிக்கணினியில் கார்டைப் போட்டுப் பார்த்தோம். ஒரு நொடியில் படித்தது! ஆனால் உள்ளே வரைபடக் கோப்பு இல்லை. அதன் இடத்தில் 'பூசணிக்காய் ஸ்கோன் ரொட்டி செய்முறை' என்று ஒரு கோப்பு. ஒரு பக்கச் சமையல் குறிப்புக்கு அத்தனை கனம் எப்படி?

"நோரீன்..."

"என்னடி முறைக்கிற? டெஸ் ஒருநாளும் சமையல் குறிப்பைத் திறந்து பார்க்க மாட்டான். அதான் அந்தப் பேரு வச்சேன்."

"நீ பேரை மாத்தினா கருவிக்கு எப்படி இது வரைபடம்னு தெரியும்? ஸ்கோன் சுடவா போகுது?"

பெயரைத் திருத்தினேன். கார்டைச் சொருகினேன். இந்த முறை கருவி வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டு விழித்தது. வரைபடம் ஏறும்போது அப்படித்தான் தாமதமாகும். வருகிறது, வருகிறது...

வெள்ளை.

நோரீன் சொன்ன வார்த்தையைத் தமிழில் எழுத என் பேனாவுக்குத் தைரியமில்லை.

5

இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தெற்கே செம்புழுதி கிளம்பியது. [நானாகக் கிளப்பியது இல்லை. உண்மையிலேயே கிளம்பியது. நம்புங்கள்.]

"டெஸ் வண்டி!" என்றாள் நோரீன். "அந்த சைலன்சர் சத்தம் எனக்குத் தெரியாதா? சீக்கிரம்டி!"

அவள் காலால் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினாள். தோண்டிய குழியை மூடாமல் போவது எங்களில் யாருக்கும் வராது, திருடும்போதுகூட. [திருட்டு என்று எழுதிவிட்டேனா? இன்னும் நமக்கு அது தெரியாது. வாபஸ்.]

நான் கருவியின் அமைப்புப் பக்கத்தில் நுழைந்தேன். ஒலி, வெளிச்சம், அலகு, வரைபடம். வரைபடத்தைத் திறந்தேன். பட்டியலில் உரிம வரைபடம் இருந்தது! அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். காலிக் கட்டம். டிக் இல்லை.

"இதை யார் அணைச்சது?"

நோரீன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நான்தான். மதுக்கடையில பக்கத்துல உக்கார்றவன் எட்டிப் பார்த்தா வெறும் வெள்ளையாத் தெரியட்டும்னு. நானும் டெஸ்ஸும் கல்யாணமான புதுசுலயே கண்டுபிடிச்ச தந்திரம். வீட்டுக்கு வந்து திரும்பப் போடுவோம். மறந்தே போச்சு!"

டீ டப்பா, பூசணிக்காய், காலிக் கட்டம். ஊரார் கண்ணிலிருந்து மறைக்கிறேன் என்று மூன்று பூட்டுப் போட்டு, கடைசியில் தானே வெளியில் நின்றுவிட்டாள்.

கட்டத்தை அழுத்தினேன். டிக் விழுந்தது. திரையில் கோடுகள் பூத்தன. ஓடைகள், பாதைகள், நீல நிறத்தில் உரிம எல்லைகள்! நான் சின்னப் பிள்ளையாகக் குதித்தேன். நோரீன் கருவியைப் பிடுங்கினாள்.

அம்புக்குறி நீலக் கோட்டுக்கு உள்ளே இருந்தது. மூடிய குழிமேல் நின்று பார்த்தாள், உள்ளே. நன்றாகவே உள்ளே.

டெஸ்ஸின் நிலம்.

6

வண்டி வந்து நின்றது. கதவு திறக்கும் சத்தம் கேட்டதும், நோரீன் தங்கக் கட்டியைத் தன் வாய்க்குள் போட்டுக்கொண்டாள். இடது கன்னம் புடைத்தது.

டெஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். அவரைக் கொடுமைக்காரராக எழுத எனக்கு மிகவும் ஆசை. முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன், மீசைகூட வைத்தேன். ஆனால் அவர் சாதுவான, கொஞ்சம் கூனிய மனிதர். கையில் தன் ஜிபிஎஸ் கருவியை வைத்திருந்தார்.

"உன் வண்டித் தடத்தைப் பிடிச்சு வந்தேன் நோரீன். இதைக் கொஞ்சம் பாரேன். பல மாசமா வரைபடமே வரல. புது கார்டு வாங்கிப் போட்டேன், அப்பவும் வெள்ளைதான். என் எல்லை எங்கன்னு எனக்கே தெரியாம அலையறேன்."

நோரீன் தலையாட்டினாள்.

"நீ இருந்தப்ப இதெல்லாம் நீதான் பார்ப்ப. கடைக்காரன்கிட்டக் குடுக்க மனசு வரல. என் இடமெல்லாம் அதுல இருக்கே." தொப்பியால் ஓர் ஈயை விரட்டினார். "உன்கிட்டன்னா பயமில்லை."

நோரீனால் பேச முடியவில்லை. என்னால் அவளைப் பார்க்கவே முடியவில்லை.

"என்ன கன்னம் வீங்கியிருக்கு? பல் வலியா?"

"ம்ம்" என்றாள் நோரீன்.

"அவளுக்குப் பல் வலிதான். காலையிலிருந்து துடிக்கிறா" என்றேன் நான். வாசகரே, மருந்துக்கடைக்காரி சொன்னால் ஊர் நம்பும்.

"அச்சச்சோ. வண்டியில கிராம்பு எண்ணெய் இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்று டெஸ் தன் கருவியை அவள் கையில் கொடுத்துவிட்டு வண்டிக்கு ஓடினார்.

7

இப்போது முடிவு.

முடிவு அ: டெஸ் திரும்பி வருவதற்குள் நோரீன் கருவியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறாள். நான் அவள் சார்பில், "கார்டு சரியில்லை டெஸ்" என்கிறேன். அவர் வெள்ளைத் திரையோடு வீடு போகிறார். அவளுடைய சபதம் நிற்கிறது. அடுத்த கூட்டத்தில் அவள் தலைமை இருக்கையில் உட்கார்ந்து

[முடிக்க முடியவில்லை.]

முடிவு ஆ: நோரீன் கட்டியைத் துப்பி அவர் உள்ளங்கையில் வைக்கிறாள். டெஸ் அழுகிறார். இருவரும் மீண்டும் சேர்ந்து

["சேர்த்து வச்சே, உன்னைக் கொன்னுடுவேன்" என்றாள் நோரீன்.]

"சரி, உண்மையில நடந்ததையே எழுதிடவா?" என்று கேட்டேன்.

"நீதான் அங்க இருந்தியே. உனக்கே தெரியுமே."

"தெரியும். எழுதலாமான்னுதான் கேக்கறேன்."

"வேண்டாம். அந்த இடத்துல நான் நின்னேன் பாரு, அது வரைக்கும் எழுது. படிக்கிறவங்களும் கொஞ்ச நேரம் அங்க நிக்கட்டும். என்னை மட்டும் எதுக்குத் தனியா நிறுத்தணும்?"

ஆகவே நோரீனின் இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள். வெயில் தலையில் இறங்குகிறது. டெஸ் வண்டிக்குள் குனிந்து, உங்கள் பல்லுக்காகக் கிராம்பு எண்ணெய் தேடிக்கொண்டிருக்கிறார். அவருடைய கருவி உங்கள் கையில் இருக்கிறது. அமைப்புப் பக்கம், வரைபடம், பட்டியல் என்று உங்கள் விரல் தானாகவே போய்விட்டது. அவருடைய உரிம வரைபடத்துக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம். காலி. எப்போதோ மதுக்கடையில் அணைத்துவிட்டு, திரும்பப் போட மறந்திருக்கிறார். கல்யாணமான புதிதில் நீங்கள் இருவரும் கண்டுபிடித்த தந்திரம்.

உங்கள் கட்டைவிரல் அந்தக் கட்டத்தின்மேல் இருக்கிறது. டிக் விழுந்தால், நீங்கள் நிற்பது தன் நிலம் என்று அவருக்கே தெரிந்துவிடும். தங்கம் உங்கள் வாயில் இருக்கிறது. வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது.

அழுத்துங்கள். அல்லது விழுங்குங்கள்.