அரசரின் கழுத்தருகே கத்தி பிடித்தவன்

கிபேர் அரண்மனைக்கு வந்தபோது அவனிடம் இருந்தவை ஒரு சவரக்கத்தியும் நடுங்காத கையும்தான். அரசரின் தாடையில் மருக்கள் அதிகம். பழைய நாவிதன் தினமும் இரத்தம் வரவழைப்பான்; கிபேர் ஒருநாளும் வரவழைத்ததில்லை. துணி வெளுப்பவளான நான் வெந்நீரில் நனைத்த துண்டுகளோடு பக்கத்தில் நிற்பேன்.

"ஊருல என்னடா பேசிக்கிறாங்க?" என்பார் அரசர், கண்ணை மூடியபடி.

"உப்பு வரியைத் திட்டுறாங்க ராஜா. கூடவே உங்களையும்."

அரசர் சிரித்துவிட்டார். அந்த வாரமே வரி குறைந்தது. சபையிலிருந்த பிரபுக்கள் ஒருவருக்கும் அந்தத் துணிச்சல் இருந்ததில்லை.

ஐந்தே ஆண்டுகளில் அரசரின் படுக்கையறைச் சாவி அவன் இடுப்புக்கு வந்தது. பிறகு ஒரு கோட்டை, திராட்சைத் தோட்டங்கள், பிரபுப் பட்டம். சவரத்தை மட்டும் அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அரசரைப் பார்க்க வேண்டுமானால் முதலில் அவனைப் பார்க்க வேண்டும். கிழவர் ரெனோ பிரபுவை ஒரு காலைப்பொழுது முழுக்க மழையில் நிற்க வைத்தான்.

"பாவம் கிபேர், வயசானவர்" என்றேன்.

"நிக்கட்டும் மஹோ. எங்கப்பனை இவர் வாசல்ல நிக்க வெச்சப்ப பனி கொட்டுச்சு."

இழப்பதற்கு நிறையச் சேர்ந்ததும் அவன் பேச்சு மாறியது. போருக்காகப் புது வரி போட்ட வருடம், அரசர் வழக்கம்போல் கேட்டார்.

"எல்லாரும் உங்களை வாழ்த்துறாங்க ராஜா."

அன்று காலைதான் சந்தையில் வரி வாங்குபவனைக் கல்லால் அடித்திருந்தார்கள். எனக்கும் தெரியும். துண்டைப் பிழிந்துகொண்டு பேசாமல் இருந்தேன்.

அறுவடை முடிவதற்குள் வடக்கே மூன்று நகரங்கள் அரசரின் ஆட்களை உள்ளே விடாமல் கோட்டைக் கதவுகளைச் சாத்திக்கொண்டன. ரெனோ நேராகச் சபைக்குள் வந்து, அரசரை எச்சரித்து நான்கு கடிதங்கள் அனுப்பியதாகவும், அவை கிபேரின் பெட்டியில் இருப்பதாகவும் சொன்னார். பெட்டியைத் திறந்தார்கள். இருந்தன.

அரசர் கத்தவில்லை. "உன்கிட்டதானேடா தினமும் கேட்டேன்?" என்றார்.

தூக்குக்கு முந்தைய நாள் சிறைக்குச் சலவைச் சட்டை கொண்டுபோனேன்.

"ராஜாவுக்கு இப்ப யாரு சவரம் பண்றா?"

"யாரும் இல்ல. தாடி வளர்க்குறார்."

அவன் முகம் ஒரு கணம் மலர்ந்தது, பிறகு அழுதான். "அன்னிக்கு நீயாவது வாயைத் திறந்திருக்கலாம்ல மஹோ?"

கொண்டுபோன சட்டையை மடிப்புக் கலையாமல் அவன் பக்கத்தில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவனைத் தூக்கிலிட்டார்கள். சாவி ரெனோவுக்குப் போனது. குளிர்காலம் முடிந்ததும் நான் அரண்மனை வேலையை விட்டேன். இப்போது ஆற்றங்கரையில் ஊர்த் துணி வெளுக்கிறேன். கூட இருக்கும் பெண்கள் அரசர் முதல் பாதிரியார் வரை யாரையும் விட்டுவைப்பதில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனாலும் எழுந்து போக மனம் வருவதில்லை.