ஆழம் குறைந்த பக்கம்

அவள் சொல்லி முடிப்பதற்குள் அந்த வக்கீல் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு சாண் அளவுதான். சக்கரம் வைத்த நாற்காலி என்பதால் சத்தம் கேட்டது. மேசைமேல் இருந்த தன் கையை அவளே எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"இந்த மாதிரி கேஸெல்லாம் நான் எடுக்கறதில்லம்மா. பேர் கெட்டுப்போயிடும். உங்க பேரத்தான் சொல்றேன்."

பக்கத்தில் இருந்த மாமா, அவளுடைய அக்காவின் கணவர், எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எங்க பேரு ஏற்கெனவே கெட்டுக் குட்டிச்சுவரா கிடக்கு சார். உங்க பேர பத்திரமா பீரோவுல வச்சுப் பூட்டிக்கங்க" என்றார். படியிறங்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து நாளாகியிருந்ததால் தொண்டை வலித்தது.

அவள் நீச்சல் டீச்சர். கண்ணாடிக் கூரை போட்ட பொது நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள். காலையில் முதல் ஆளாகத் தண்ணீருக்குள் இறங்கும்போது கூரையின் வெளிச்சம் தரையில் வலை வலையாக அசையும். அந்த வலைக்குள் நடந்து போவாள். பிறகு பிள்ளைகள் வருவார்கள். முகத்தை நனைக்கப் பயந்து அழுவார்கள். அழுகை மெல்ல மெல்லக் குமிழிகளாக மாறும். கணவர் இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அவர் விட்டுப்போன நோய் அவள் ரத்தத்தில் மாத்திரைக்கு அடங்கித் தூங்கிக்கொண்டிருந்தது. அக்காவையும் மாமாவையும் தவிர யாருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரை கொடுக்கும் ஜன்னலருகே, வகுப்புக்கு வரும் ஒரு பெண்குழந்தையின் அம்மா அவளைப் பார்த்துவிட்டாள். பார்த்தவள் புன்னகைகூடச் செய்தாள். அடுத்த வாரம் பிள்ளைகள் பாதியாகக் குறைந்தார்கள். அதற்கடுத்து மேனேஜர் கூப்பிட்டார்.

"உங்க மேல தப்புன்னு நான் சொல்லலங்க. ஆனா தண்ணி எல்லாருக்கும் பொதுவாச்சே" என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

தன் பெட்டியில் விட்டுவந்த துணிகளை எடுக்க இரண்டு நாள் கழித்துப் போனாள். குளம் காலியாக இருந்தது. ரப்பர் பூட்ஸ் போட்ட ஆட்கள் நீல ஓடுகளின்மேல் குந்தி, அவள் நின்ற இடத்தையெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தேய்க்கும் சத்தம் சுவர்களில் மோதிப் பெரிதாகத் திரும்பியது. தண்ணீர் இல்லாத குளம் இவ்வளவு பெரியது என்று அதுவரை அவளுக்குத் தெரியாது.

அதன்பின் தெருவில் நடப்பதுகூடத் தண்ணீருக்கடியில் நடப்பதுபோலத்தான் இருந்தது. பஸ் ஹாரன் எங்கோ மேலே ஒலித்தது. எதிரில் வருகிறவர்கள் வாயசைத்தார்கள், சொல் தாமதமாக வந்து சேர்ந்தது. வீட்டில் அக்கா அழுதாள். மாமா, பழுதான கார்களை இழுத்துவரும் வண்டி ஓட்டுபவர், "நடுரோட்டுல நின்னுபோனதையெல்லாம் இழுத்துட்டு வரேன், உன் வேலைய இழுத்துட்டு வரமாட்டேனா?" என்றார். வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அவளுடன் அலைந்தார்.

ஆனால் பால்கனிக் கொடியில் அவள் காயப்போடும் துண்டு, மாலையில் பார்த்தால் தனியாகக் கடைசி மூலையில் தொங்கும். மற்ற துணிகளுக்கும் அதற்கும் நடுவே ஓர் ஆள் நிற்குமளவு இடம். அக்கா செய்யமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். பகலெல்லாம் கூடவே அலைகிற மனுஷனுக்குள் இதுவும் இருக்கிறது என்பதை என்ன செய்வது? கோபப்பட முயன்றாள், வரவில்லை. துண்டை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போவாள்.

இலவசச் சட்ட உதவி என்று பலகை மாட்டிய அலுவலகத்துக்கும் போனார்கள். கவுன்ட்டரில் இருந்தவர் நோயின் பேரைக் கூடம் முழுக்கக் கேட்கும்படி திருப்பிக் கேட்டார். வரிசையில் நின்றவர்களின் தலைகள் மெதுவாகத் திரும்பின. அவள் வெளியே வந்துவிட்டாள். இனி வேண்டாம், துணிக்கடையில் ஏதாவது வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தாள்.

அதைப் பேச்சோடு பேச்சாக ஆஸ்பத்திரி நர்ஸிடம் சொன்னபோது, அந்தம்மா மாத்திரை டப்பாவை நீட்டியபடியே, "அட, மேல மாடிக்குப் போகலையா நீங்க? துணி துவைக்கிற ரூமுக்குப் பக்கத்துல ஒரு வக்கீல் மேடம் உக்காருவாங்க. நம்ம ஆளுங்களுக்குன்னே வர்றாங்க. காசு வாங்க மாட்டாங்க. டீ வாங்கிக் குடுத்தாக்கூட திட்டுவாங்க, நானே வாங்கிக் கட்டிக்கிட்டேன்" என்றாள்.

மாமாவோடு அவள் போன அந்த அறைக்குள் சலவை இயந்திரங்களின் நீராவி கசிந்து வந்தது. ஜன்னல் கண்ணாடி வியர்த்திருந்தது. வெதுவெதுப்பும் சோப்பு வாசனையும் சுவருக்கப்பால் எதுவோ சுழன்றுகொண்டேயிருக்கும் முனகலும் சேர்ந்து, பெஞ்சில் காத்திருந்தவர்களைத் தூக்கத்தில் ஆழ்த்தியிருந்தன. அவளும் கண்ணயர்ந்தாள். யாரோ தோளைத் தொட்டார்கள். தொட்டது வக்கீல்தான். மூக்கு சிவந்து, ஜலதோஷத்தோடு இருந்தாள். "எனக்குத்தான் சளி. நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க, ஒட்டிக்கும்" என்றாள்.

நோய் எப்படி வந்தது என்று வக்கீல் கேட்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "சரி. உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள்.

இதை இதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை. "தண்ணிக்குள்ள இறங்கணும்" என்றாள்.

"அவ்வளவுதானே. இறங்கலாம். நோயக் காட்டி வேலைய விட்டு எடுக்க அவங்களுக்கு உரிமை கிடையாது. கோர்ட்டுல கதவச் சாத்திக்கிட்டுத்தான் விசாரிக்கச் சொல்வேன். உங்க பேரு வெளில வராது."

எழும்போது மாமா மட்டும் எழவில்லை. பேன்ட் முட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "மேடம், ஒரு சின்ன சந்தேகம். இந்தத் துண்டு... எல்லாரோடதும் ஒரே கொடியில காஞ்சா..."

"ஒண்ணும் ஆகாது சார். துணி காயும்" என்றாள் வக்கீல்.

மாமா தலையாட்டினார். திரும்பும் வழியில் அவர் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. சிக்னலில் வண்டி நின்றபோது, "தெரியாமப் பண்ணிட்டேம்மா" என்றார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "தெரியும் மாமா" என்றாள்.

விசாரணை இழுத்துக்கொண்டே போனது. மூடிய அறையில், அவள் பெயருக்குப் பதில் ஓர் எழுத்தை மட்டும் சொல்லிக் கூப்பிட்டார்கள். டாக்டர் வந்து, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், அவளால் யாருக்கும் ஆபத்தில்லை, தண்ணீரால் இது பரவவே பரவாது என்றார். மேனேஜர் கடைசியில் சமரசத்துக்கு வந்தார். டிக்கெட் கவுன்ட்டரில் உட்காரட்டும், அதே சம்பளம் என்றார். அறையில் எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. வக்கீல் மட்டும் அவள் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க" என்றாள்.

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, பிள்ளைகள் ஈரத்தலையோடு போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். "வேண்டாம். என் வேலையக் குடுங்க" என்றாள். எல்லோருக்கும் கேட்டது.

கொடுத்தார்கள்.

முதல் நாள் காலை குளம் நிரம்பி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று காத்திருந்தாள். வகுப்பு நேரம் வந்தது, கடந்தது. ஒரு பிள்ளையும் வரவில்லை. பார்வையாளர் படிகளில் யாருமில்லை. மேனேஜர் கதவோரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். கூரை வெளிச்சத்தின் வலை மட்டும் அவளைச் சுற்றி விரிந்து சுருங்கியது.

அப்போது உடைமாற்றும் அறைக் கதவு திறந்தது. மாமா. யாரிடமோ இரவல் வாங்கிய, முட்டிவரை தொங்கும் நீச்சல் டிராயர். தொந்தியை உள்ளிழுத்துக்கொண்டு, கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி வந்தார்.

"சிரிக்காத. இத்தன வயசாகுது, எனக்கு நீச்சல் தெரியாது. குளிக்கறதோட சரி."

"மாமா, நெஜமாவா?"

"டிக்கெட் எடுத்துட்டேன். சொல்லிக் குடுக்க முடியுமா முடியாதா?"

ஒவ்வொரு படியாக இறங்கினார். தண்ணீர் வயிற்றைத் தொட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவள் அவரை மல்லாத்தினாள். முதுகுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்தாள். உடம்பு முழுக்கக் கட்டையாக விறைத்திருந்தது. "தலைய விடுங்க. காது நனையட்டும்." காதுகள் தண்ணீருக்குள் போயின. மூச்சு இறங்கியது. மெல்ல மெல்ல அந்தக் கனத்த உடம்பு தளர்ந்து, கால்கள் தாமாக மேலே வந்தன.

இனி அவருக்கு எதுவும் சரியாகக் கேட்காது. அவள் குனிந்து, இத்தனை மாதமாகச் சொல்லாத நன்றியைச் சொன்னாள்.

"என்னம்மா?" என்றார் கண் திறக்காமல்.

அவள் திருப்பிச் சொல்லவில்லை. உள்ளங்கையை ஒரு விரல்கடை கீழே இறக்கினாள். கூரையின் வெளிச்சம் அவருடைய மூடிய இமைகள்மேல் நகர்ந்து, நெஞ்சைத் தாண்டி, ஆழமான பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.